லயத்துக்கு வெளிச்சம் வந்ததும் தூக்கம் சுருங்கியதும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு கேள்வி. (2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பாட்டி இரவு எட்டரைக்கெல்லாம் பாயை விரித்துவிடுவாராம். அதே வீட்டுப் பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு மணி வரை விழித்திருக்கிறார்கள், காலை ஐந்தரைக்கு எழுப்பினால் எழ மாட்டேன் என்கிறார்கள். இதற்கு வீட்டு விளக்கு காரணமா, கைப்பேசியா? என்ன பல்பு மாட்டினால் சரிவரும்?

விளக்குக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் இது எல்இடி வந்த பிறகு தொடங்கிய சங்கதி அல்ல. தோட்டத்தில் விளக்கு முதலில் கைவைத்தது விடியலுக்கு முந்திய நேரத்தில். வேலைக்காகத் தூக்கத்தின் அந்த நுனி போனது. மின்சாரம் வந்தபோது முன்னிரவுப் பக்கத்து நுனியும் போனது. நடுவில் மிஞ்சியதைத்தான் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். பல்பைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

கித்தா மரத்தை, அதாவது பால்மரத்தை, ஏன் இருட்டிலேயே வெட்டுகிறார்கள்? பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். காலை ஏழு மணிக்கு வெட்டிய மரமும் பதினோரு மணிக்கு வெட்டிய மரமும் மங்கில் (பால் பிடிக்கும் கோப்பையில்) ஒரே அளவு பால் தராது. அதனால் நாலு, நாலரைக்கு எழுந்து, பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், வெளிச்சம் வருமுன்னே நிரைக்குள் (மர வரிசைக்குள்) நுழைய வேண்டியிருந்தது.

அந்த இருட்டில் செய்யும் வேலையும் நுணுக்கமானது. பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்னால் நிற்க வேண்டும். மேலோடு நின்றால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும், பின்னால் அங்கே சரியாக வெட்ட முடியாது. எத்தனை பிரகாசமான விளக்கு என்பதைவிட, ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறது என்பது இங்கே முக்கியம். நெற்றிக்கு நடுவிலிருந்து நேராக அடிக்கும் ஒளியில் வெட்டுக்கோட்டின் பள்ளத்தில் நிழல் விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் சரித்தால் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும், ஆழம் கண்ணுக்குப் பிடிபடும். இன்று எல்இடி தலைவிளக்கு வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் லூமன் (விளக்கு விடும் மொத்த ஒளியின் அளவு) என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மரத்துக்கு 150, 200 லூமனும் சரிக்கக்கூடிய தலையும் போதும்.

இந்த இடத்துக்கு எல்இடிக்கு முன்னால் வந்தது கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்யும் வழியை தாமஸ் வில்சன் 1892-இல் அமெரிக்காவில் கண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சைக்கிளிலும் சுரங்கத் தொழிலாளியின் தொப்பியிலும் அந்த விளக்கு ஏறிவிட்டது. பால்மரத் தோட்டத்துக்கும் வந்தது. அமைப்பு எளிமையானது. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட் கல், இரண்டுக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக விடும் திருகு. தண்ணீர் பட்டதும் கல் அசெட்டிலின் வாயுவை விடும். அது முனையிலுள்ள ஊசித் துளை வழியாக வந்து வெள்ளையாக எரியும், பின்னாலிருக்கும் தகடு அதை முன்னே தள்ளும். கீழே மிஞ்சுவது சுண்ணாம்பு.

கணக்கு இப்படி: ஒரு கிலோ கல்லுக்குச் சுமார் 300 லிட்டர் வாயு. தொப்பி விளக்கின் சிறிய முனை மணிக்கு 14 லிட்டர் எரிக்கும். ஆக 100 கிராம் கல் போட்டால் இரண்டு மணி நேரம் எரியும், அதாவது ஐந்துக்கு ஏற்றினால் ஏழு வரை. விடியும் வரைக்கும் அது போதும்.

கார்பைட் விளக்கில் கோளாறுகள் அநேகமாக இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். சுடர் குதித்துக் குதித்து எரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். திருகைக் குறைக்க வேண்டும். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முனைத் துளையில் கரி அடைத்திருக்கிறது; மெல்லிய எஃகுக் கம்பியால் குத்தி எடுக்கலாம், துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. இரண்டு அறையும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் வாயு அங்கே கசிந்து, சுடர் முனையை விட்டு அங்கே போய்ப் பற்றும். இதுதான் முகத்தைச் சுடுவது. அறையில் பாதிக்கு மேல் கல் போட்டாலும் தொல்லைதான், ஏனென்றால் கல் சுண்ணாம்பாக மாறும்போது உப்பிக்கொண்டு தண்ணீர் வழியை அடைத்துவிடும். பூண்டு மாதிரி ஒரு வாடை வருமே, அது அசெட்டிலினுடையது அல்ல, கல்லிலுள்ள பாஸ்பரஸ் கலப்பினால் வரும் வேறு வாயு. இன்னும் யாராவது வீட்டில் பழைய கல் டின் வைத்திருந்தால், ஈரம் படாமல், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வைக்கவும். காற்றில் இரண்டரை விழுக்காடு அசெட்டிலின் கலந்தாலே வெடிக்கப் போதும்.

வீட்டுக்குள் எரிந்தது மண்ணெண்ணெய். அதற்கு முந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரான்சின் லாஸ்கோ குகையில் கொழுப்பு ஊற்றி எரித்த கல் விளக்கு கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 17,000 ஆண்டுப் பழமை. அதிலிருந்து நம் அகல் விளக்கு வரை திரியும் எண்ணெயும்தான், அடிப்படை மாறவில்லை. 1780-களில் ஆமே ஆர்கான் திரியைக் குழல் வடிவமாக்கி, நடுவிலும் வெளியிலும் காற்று போகச் செய்து, மேலே கண்ணாடிக் குழாய் வைத்தபோதுதான் முதல் பெரிய பாய்ச்சல் நடந்தது. 1846-இல் ஆபிரகாம் கெஸ்னர் மண்ணெண்ணெய் காய்ச்சிக் காட்டினார். 1853-இல் லுகாசியேவிச் அதற்கேற்ற விளக்கைச் செய்தார். 1859-இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு மண்ணெண்ணெய் உலகமெங்கும் மலிவாகப் பரவியது. தோட்டத்து அரிக்கேன் விளக்கு அதன் பேரப்பிள்ளை.

வெளிச்சத்தை எண்ணில் பார்த்தால் பாட்டியின் இரவு புரியும். ஒரு மெழுகுவர்த்தியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் விழும் ஒளி 1 லக்ஸ். அரிக்கேன் விளக்கை ஐந்து மெழுகுவர்த்தி என்று வைத்துக்கொண்டால், அரை மீட்டர் தூரத்தில் புத்தகத்தின் மேல் 20 லக்ஸ் விழும். இன்று வகுப்பறைக்கு 300 லக்ஸ் வேண்டும் என்கிறோம். அந்த 20 லக்ஸில்தான் ஒரு தலைமுறை வீட்டுப்பாடம் எழுதியது. பாதி தூரத்துக்கு நெருங்கினால் ஒளி நாலு மடங்காகும். பிள்ளைகள் விளக்கோடு ஒட்டிக்கொண்டு முடியைப் பொசுக்கிக்கொண்டது அதனால்தான். அந்தக் காலத்தில் "விளக்கு வைக்கிற நேரம்" என்பது கடிகாரம் மாதிரி ஒரு பொழுதைக் குறித்தது. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது என்பதிலும் நியாயம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் தோட்டு மரையோ சில்லறையோ குப்பையோடு போனால் தெரியவா போகிறது?

அரிக்கேன் விளக்கு புகைவதற்குப் பெரும்பாலும் திரிதான் காரணம். நேராகக் கத்தரித்து, இரண்டு மூலையையும் லேசாக மழித்துவிட்டால் சுடர் வட்டமாக நிற்கும். மூலை நீண்டிருந்தால் அங்கே சுடர் கொம்பு மாதிரி எழும்பிக் கண்ணாடியைக் கரியாக்கும். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்துவிடுவதுதான் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் ஆவி சாதாரண வெப்பத்தில் பற்றாது, பெட்ரோல் ஆவி பற்றும். கொஞ்சம் கலந்தாலும் தொட்டிக்குள் வெடிக்கும்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கேஸ் விளக்கு வரும். பெட்ரோமாக்ஸ் என்பது பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் நிறுவனம் போட்ட வியாபாரப் பெயர். நம்மவர்களுக்கு அதுவே பொருளின் பெயராகிவிட்டது. அதிலுள்ள மேண்டில் துணியை 1880-களில் ஆஸ்திரியாவின் வெல்ஸ்பாக் கண்டுபிடித்தார். புது மேண்டிலை ஒருமுறை எரித்துவிட்டால் துணி போய், தோரியம், சீரியம் ஆக்சைடுகளின் சாம்பல் வலை மட்டும் நிற்கும். ஒளிர்வது அதுதான். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். பற்றவைக்கும்போது ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்காமல் அவசரப்பட்டு எண்ணெயைத் திறந்தால், அது ஆவியாகாமல் எண்ணெயாகவே வந்து மஞ்சள் தீயாக எழும். உடனே மூடிவிட்டு, மறுபடி சூடாக்கிய பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். வெளிச்சம் மெல்லக் குறைந்தால் காற்று இறங்கிவிட்டது; திடீரென்று விட்டுவிட்டு எரிந்தால் ஊசித் துளையில் தூசி.

இனி மின்சாரம். எடிசன் நியூயார்க்கில் பேர்ல் தெரு மின் நிலையத்தைத் திறந்தது 1882 செப்டம்பரில். பன்னிரண்டே ஆண்டுகளில், 1894-இல், அது நமக்குப் பக்கத்து ஊரான ராவாங்குக்கு வந்துவிட்டது. மலாயாவில் முதன்முதலாக மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்கள் என்று சீன ஈயச் சுரங்க முதலாளி லோக் யூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்தே குறிக்கப்படுகிறார்கள். அங்கே தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு தமிழர் இதில் முன்னோடி என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதே வேளையில் இதையும் சொல்லத்தான் வேண்டும்: ராவாங்கில் மின்விளக்கு எரிந்து எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்தும் பல தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மண்ணெண்ணெய்தான் எரிந்தது. துரை பங்களாவிலும் ஆலையிலும் விளக்கு எரியும், கொஞ்சம் தள்ளியிருக்கும் லயத்தில் எரியாது. மத்திய மின்சார வாரியம் 1949-இல் அமைந்து, பட்டணங்களைக் கம்பி போட்டு இணைத்துக்கொண்டு போனது. தோட்டம் தனியார் நிலம், உள்ளே கம்பி இழுப்பது நிர்வாகத்தின் பாடு. பல இடங்களில் இடைக்கால ஏற்பாடாக ஜெனரேட்டர் வந்தது. மாலையில் ஓட்டி இரவு பத்து மணி வாக்கில் நிறுத்துவார்கள். அது நின்றதும் லயம் முழுக்க இருட்டு, சத்தமும் அடங்கிவிடும். விளக்கை அணைக்கும் முடிவு வீட்டுக்காரர் கையில் இல்லாதது அநியாயம்தான். ஆனாலும் தூக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இருபத்துநாலு மணி நேர மின்சாரம் வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. அந்த எல்லையை இனி நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதோடு பலரும் கவனிக்காத இன்னொன்று சேர்ந்துகொண்டது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு ஒன்றாக வர, கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஆண்டு முழுதும் பகல் சுமார் பன்னிரண்டு மணி நேரம். சூரியன் காலை ஏழையொட்டி உதித்து மாலை ஏழைத் தாண்டி மறைகிறது. பள்ளிக்கூட பஸ், தொழிற்சாலை பஸ் எல்லாம் கடிகாரப்படி வரும். உடம்போ சூரியனைப் பார்க்கும். காலை ஐந்தரை என்பது சூரியக் கணக்கில் விடியலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் முன்பு. ஆக, உங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்ல. பால்மரம் வெட்டாமலே பால்வெட்டுக்காரரின் நேரத்தில் எழுகிறார்கள்.

விளக்கு உடம்பை எப்படித் தொடுகிறது? பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்களும் விழித்திரையில் உண்டு என்று 2002-இல் உறுதியானது. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளிக்குத்தான் அதிகம் அசையும். அது அசைந்தால் மூளை "இன்னும் பகல்" என்று எடுத்துக்கொண்டு இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். மெலடோனின் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏறத் தொடங்கவேண்டிய ஒன்று. மண்ணெண்ணெய்ச் சுடரில் நீலம் மிகக் குறைவு, அளவும் குறைவு. பாட்டியின் மூளை அதை இரவாகவே எண்ணியது. பிள்ளைகளுக்குக் கண்மணி பெரிது, லென்ஸ் தெளிவு, அதனால் அதே அறையில் அதே விளக்கு பெரியவர்களைவிட அவர்களைக் கூடுதலாகத் தாக்கும். போதாக்குறைக்கு, பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்தங்கி ஓடும்.

2022-இல் இத்துறை அறிஞர்கள் சேர்ந்து ஓர் அளவு சொன்னார்கள். நீலப் பங்குக்கு எடை கொடுத்து, கண்ணருகில் அளக்கும் லக்ஸ் கணக்கு அது: பகலில் குறைந்தது 250, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து 10-க்கு மேல் வேண்டாம், தூங்கும்போது 1-க்கு மேல் வேண்டாம். நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பத்தடிக்குப் பதின்மூன்றடி ஹால், நடுவில் 18 வாட் எல்இடி டியூப், 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; எண் கூடினால் நீலம் கூடும்). கண்ணில் விழுவது சுமார் 40. அதாவது அளவுக்கு நாலு மடங்கு. அதே ஹாலில் 5 வாட், 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் சுமார் 4. அறையின் சுவர் நிறத்தைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் பத்து மடங்கு வித்தியாசம் என்பது மாறாது.

கைப்பேசியைக் கேட்டீர்கள். திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டால் அதன் ஒளி அந்த டியூபைவிடக் குறைவு. கைப்பேசி தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதில் ஓடும் விஷயத்தால்தான். மேலே டியூபை எரியவிட்டுவிட்டு பிள்ளையின் கைப்பேசியை மட்டும் பிடுங்கினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

ஆகவே என் யோசனை: ஹாலில் இரண்டு விளக்கு, இரண்டு சுவிட்ச். வெள்ளை டியூப் சமையலுக்கும் வீட்டுப்பாடத்துக்கும். வீட்டுப்பாடத்தை ஏழரைக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அறை முழுதும் எரிக்காமல், புத்தகத்தின் மேல் மட்டும் விழும் மஞ்சள் மேசை விளக்கு போடுங்கள். ஏழரைக்கு டியூபை அணைத்து மஞ்சளுக்கு மாறினால், பத்துக்காவது கண் செருகும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. விடியற்காலைக் குளியலறையில் மட்டும் வெள்ளை விளக்கே இருக்கட்டும், எழுப்ப உதவும். பகல் வெளிச்சம் இதைவிடப் பலமான மருந்து: மேகமூட்டமான நாளிலும் வெளியே பத்தாயிரம் லக்ஸ் வாக்கில் இருக்கும், வகுப்பில் 300. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும்.

மாட்டும்போது சில எச்சரிக்கை. பழைய டியூப் லைட் பெட்டியில் எல்இடி டியூப் போடுவதென்றால், கனமான இரும்புச் சோக் உள்ளதா, எலக்ட்ரானிக் வகையா என்று முதலில் பாருங்கள். சோக் உள்ளதில், ஒரு முனையில் மட்டும் மின்சாரம் எடுக்கும் டியூபாக வாங்கி, பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி, கூடவே வரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். பழையதையே விட்டால் மினுக்கும் அல்லது டியூப் போய்விடும். எலக்ட்ரானிக் வகையென்றால் அதை வயர்மேன்தான் அகற்ற வேண்டும். சுவிட்ச் அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்தால், சுவிட்சை லைவ் கம்பியில் போடாமல் நியூட்ரல் கம்பியில் போட்டிருக்கக்கூடும். அப்படியென்றால் அணைத்த நிலையிலும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கிறது. பழைய லய வீடுகளில் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்இடி ஒரு வருடத்தில் போவதற்குக் காரணம் அநேகமாகச் சூடு: தகரக் கூரைக்கு அடியில், மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டினால் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிடும்.

வாசல் விளக்குக்கும் மஞ்சளே நல்லது. மழை விட்டதும் ஈசல் மொய்ப்பது வெள்ளை விளக்கில்தான் அதிகம். மேலே மூடி போட்டு ஒளியைத் தரையைப் பார்க்கவிட்டால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் தொந்தரவில்லை. ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இதே சிலாங்கூர் ஆற்றில் கீழே போனால் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, எல்லாம் ஒரே தாளத்தில் மினுக்கி இணையைக் கூப்பிடுகின்றன. கரையில் ஒரு ஃப்ளட்லைட் எரிந்தாலும் அந்த அழைப்பு இணையின் கண்ணுக்கு எட்டாமல் போகும். ஆற்றைப் பார்த்த விளக்கு ஏதேனும் உங்கள் வீட்டில் இருந்தால், முகத்தைத் திருப்பிவிடுங்கள், அல்லது ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் வகைக்கு மாற்றுங்கள்.